கங்கை நீரும் குழாய் நீரும்
ஆபிரகாம் கோவூரின் வாழ்வும், நோவு பற்றி அவர் விட்டுச் சென்ற கேள்வியும்

எமது தாய் தந்தையர் தலைமுறையில் கோவூர் என்ற பெயரை அறியாத யாழ்ப்பாணத்தவர் அரிதாகவே இருந்தனர். பேயோட்டுபவருக்கும் சாத்திரம் சொல்பவருக்கும் அப்பெயர் கசப்பானது. வாசிகசாலைகளில் பத்திரிகை படித்த இளைஞருக்கோ அது இனிப்பானது. பேய் உலாவும் வீடு எனப் பிறர் அஞ்சிய இடங்களில் தங்கியவர், இராகுகாலத்தில் பயணம் புறப்பட்டவர், அற்புதம் செய்து காட்டுபவருக்கு இலட்சம் ரூபா தருவதாக அறிவித்தவர் என்றே அவரைப் பலரும் நினைவில் வைத்துள்ளனர். அவருடைய வாழ்வில் இவற்றைவிட ஆழமான ஒரு பகுதியும் உண்டு. மருந்து இல்லாத ஒன்று மனிதரின் நோவை எவ்வாறு தணிக்கிறது என்பதே அது. ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டில் வாழும் எமக்கு இன்று மிகவும் வேண்டப்படுவது அந்தப் பகுதியே என நாம் கருதுகின்றோம்.

இளமையும் கல்வியும்

ஆபிரகாம் தோமஸ் கோவூர் 1898 ஆம் ஆண்டு ஏப்ரல் 10 ஆம் திகதி கேரளத்தின் திருவல்லாவில் பிறந்தார். தந்தையார் மார்த்தோமா சிரியன் திருச்சபையின் உயர் குருவாக விளங்கியவர். வேதாகமமும் வழிபாடும் நிறைந்த அவ்வீட்டிலிருந்து கோவூரும் இளைய சகோதரர் பெஹனானும் உயர்கல்விக்காகக் கல்கத்தாவின் பங்கபாசி கல்லூரிக்குச் சென்றனர். கோவூர் அங்கு உயிரியல் கற்றார். தாவரவியலே அவருக்கு உகந்த துறையாயிற்று.

கோவூர் தாமே எழுதி வைத்த சம்பவமொன்று அந்த மாணவப் பருவத்துக்குரியது. விடுமுறையில் ஊர் திரும்பும்போது கங்கை நீர் கொண்டுவரும்படி அயலவர் சிலர் அவரிடம் கேட்டிருந்தனர். கங்கையின் அழுக்கைக் கண்ணால் கண்டிருந்த அவருக்கு அந்நீரை எவர்க்கும் கொடுக்க மனம் வரவில்லை. வழியில் ஒரு புகையிரத நிலையக் குழாயில் நீரைப் பிடித்தார். அதையே கங்கை நீரென்று பகிர்ந்தளித்தார். அதைப் பருகியும் பூசியும் நோய் நீங்கியதாகப் பலர் பின்னர் அவரிடம் நன்றியுடன் கூறினர். வேடிக்கையாகத் தொடங்கிய செயல் அம்மாணவரின் மனத்தில் ஒரு கேள்வியை விதைத்தது. நீரில் ஒன்றும் இல்லை. ஆயினும் நோயாளி தேறிவிட்டதாகச் சொல்கிறார். தேற்றியது எது?

அக்கேள்வியைச் சகோதரர் இருவரும் வெவ்வேறு வழிகளில் பின்தொடர்ந்தனர். பெஹனான் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வாளரானார். யோக மூச்சுப் பயிற்சியின்போது உடல் எவ்வளவு ஒட்சிசனைப் பயன்படுத்துகிறது என்பதைக் கருவிகொண்டு அளந்தார். அவருடைய யோக ஆய்வு நூல் 1937 இல் வெளிவந்தது. ஒருவர் ஆய்வுகூடத்தில் அளந்தார். மற்றவர் ஊர்களுக்குள் சென்று விசாரித்தார்.

யாழ்ப்பாணத்து ஆசிரியர்

கோட்டயம் சீ.எம்.எஸ். கல்லூரியில் சிறிது காலம் பணியாற்றிய கோவூர், 1928 இல் தமது முப்பதாவது வயதில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்து சேர்ந்தார். மெதடிஸ்த திருச்சபையினர் நடத்திய அக்கல்லூரியில் அவருக்குச் சமய பாடமும் தரப்பட்டது. மாணவர் பரீட்சையில் மிகச் சிறந்த பெறுபேறுகளைப் பெற்றனர். ஆயினும் அடுத்த ஆண்டு அப்பாடம் அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. பெறுபேறு நன்றே, ஆனால் மாணவர் நம்பிக்கையை இழந்துவிட்டனர் என்பதே அதிபர் கூறிய காரணம் எனக் கோவூர் பின்னாளில் சிரிப்புடன் நினைவுகூர்வதுண்டு.

யாழ்ப்பாணத்தின் பின் காலி றிச்மண்ட் கல்லூரி, கல்கிசை சென். தோமஸ் கல்லூரி ஆகியவற்றில் கற்பித்த அவர், கொழும்பு தேர்ஸ்ரன் கல்லூரியில் உயிரியல் ஆசிரியராக இருந்து 1959 இல் ஓய்வு பெற்றார். வேரையும் இலையையும் வெட்டிப் பார்த்து அறியும்படி மூன்று தசாப்தங்களாக மாணவர்க்குச் சொன்னவர், ஓய்வின் பின் அதே முறையை மனிதரின் அச்சங்களின் மீது செலுத்தினார். 1960 இல் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கம் உருவாயிற்று. தமது இறுதிக்காலம் வரை அவரே அதன் தலைவர். கொழும்பு பாமன்கடையில் இருந்த அவருடைய இல்லம் சிகிச்சை நாடி வருவோருக்கும் விவாதத்துக்கு வருவோருக்கும் பொதுவான இடமாயிற்று.

1963 இல் அவர் விடுத்த சவால் நாடு கடந்தும் பேசப்பட்டது. முத்திரையிட்ட உறையினுள் இருக்கும் நாணயத்தாளின் இலக்கத்தைப் படித்தல் போன்ற, அவர் பட்டியலிட்ட இருபதுக்கும் மேற்பட்ட செயல்களுள் ஏதேனும் ஒன்றை ஏமாற்றுக்கு இடமில்லாத சூழலில் செய்து காட்டுபவருக்கு ஒரு இலட்சம் இலங்கை ரூபா பரிசு என அறிவித்தார். போட்டியிட விரும்புவோர் ஆயிரம் ரூபா வைப்புப் பணம் கட்டவேண்டும். அவர் இறக்கும் வரை அப்பரிசை எவரும் வென்றிலர்.

பேய் பிடித்த வீடுகள்

கல் மழை பொழியும் வீடு, தானாகத் தீப்பற்றும் துணி, இறந்தவர் குரலில் பேசும் பெண் என வந்த முறைப்பாடுகளை அவர் ஆராய்ந்த விதம் கவனத்துக்குரியது. வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்துப் பேசுவார். வயதில் இளையவரிடமும் வேலைக்கு நின்றவரிடமும் அதே பொறுமையுடன் வினவுவார். பல வீடுகளில் கல்லை எறிந்தவர் மனவேதனையைச் சொல்ல வழியற்ற ஒரு பிள்ளையாகவோ இளம் பெண்ணாகவோ இருந்தனர். விரும்பாத திருமணம், தாயின் மரணம், வீட்டுக்குள் நிகழ்ந்த கொடுமை, பரீட்சை பற்றிய அச்சம் என்பனவே பேயின் உண்மைப் பெயர்கள். மனோவசியத்தின் மூலம் நோயாளியை அமைதிப்படுத்தி நல்லாலோசனை கூறிய பின், குடும்பத்தவரிடம் மாற்றவேண்டியது எதுவென்று விளக்குவதும் அவருடைய சிகிச்சையின் ஒரு பாதியாக இருந்தது.

இவ்விசாரணைகள் கொழும்புப் பத்திரிகைகளில் வெளியாகி, தமிழிலும் மலையாளத்திலும் பெயர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்றைத் தழுவி 1972 இல் ‘புனர்ஜன்மம்’ என்ற மலையாளத் திரைப்படமும், 1973 இல் முத்துராமனும் மஞ்சுளாவும் நடித்த ‘மறுபிறவி’ என்ற தமிழ்த் திரைப்படமும் வெளிவந்தன. ஓர் ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியரின் குறிப்பேடு வெள்ளித்திரைக்கு ஏறியது அபூர்வமே.

அவரைப் போற்றுவதுடன் நின்றுவிடுவது நேர்மையன்று. அற்புத ஆற்றல் தமக்குண்டு எனக் கூறுவோரை அவர் இரு வகையினராகவே பிரித்தார். ஒன்று ஏமாற்றுவோர், மற்றது மனம் பேதலித்தோர். துயரத்தாலும் தனிமையாலும் ஒன்றைப் பற்றிக்கொள்ளும் எளிய மனிதருக்கு அப்பிரிவினையில் இடம் போதவில்லை. மேலும், அவருடைய குறிப்புகள் தேறியவர்களின் கதைகளே. அதே நோயுடன் சிகிச்சையின்றி இருந்த இன்னொரு கூட்டத்தினரோடு அவர் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. காய்ச்சல் தானாகவும் இறங்கும்; முதுகு நோவு ஒரு கிழமையில் கூடி மறு கிழமையில் குறையும். குழாய் நீர் பருகியவர் தேறியது நம்பிக்கையினாலா, நாட்கள் கடந்ததினாலா? ஒப்பீடு இன்றி இதைக் கூற இயலாது. அவ்வொப்பீட்டை வேறு சிலர் வேறு நாடுகளில் செய்திருந்தனர்.

மரக்கோலும் உப்பு நீரும்

18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் உலோகக் கோல்கள் இரண்டு பெரும் விலைக்கு விற்பனையாயின. அமெரிக்கரான பேர்கின்ஸ் என்பவர் உருவாக்கிய அவற்றை நோவுள்ள இடத்தின் மேல் தோலில் இழுத்தால் நோவு நீங்கும் எனப்பட்டது. கொப்பன்ஹேகன் வைத்தியரும் அவற்றைப் பயன்படுத்திப் பார்த்தனர். 1799 இல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஜோன் ஹேகார்த் என்ற வைத்தியர் மரத்தால் அதே தோற்றமுள்ள கோல்களைச் செய்வித்து ஐந்து நோயாளிகள் மீது இழுத்தார். ஐவரில் நால்வர் நோவு குறைந்ததென்றனர். மறுநாள் உண்மையான உலோகக் கோல்கள் தந்த பயனும் அவ்வளவே. கோவூரின் குழாய் நீருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே இச்சோதனை நடந்துள்ளது.

இரண்டாம் உலகப்போரில் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மயக்க மருந்து நிபுணர் இத்தாலியப் போர்முனையில் கடுமையாகக் காயமுற்ற 215 படையினரின் நோவைப் பற்றி விசாரித்து, 1946 இல் அதை வெளியிட்டார். அவர்களில் ஏறத்தாழ முக்காற்பங்கினர் நோவு நீக்கும் மருந்து வேண்டாமென்றனர். அதே அளவு காயம் நகரத்து வைத்தியசாலையில் பெரும் வேதனையைத் தருவது வழக்கம். போர்முனையில் காயம் என்பது உயிரோடு வீடு திரும்பலாம் என்ற செய்தியாயிற்று. அதுவே நோவின் அளவை மாற்றியது எனப் பீச்சர் கருதினார். 1955 இல் அவர் 15 ஆய்வுகளையும் 1,082 நோயாளிகளையும் தொகுத்து, மருந்தற்ற போலி மாத்திரையினால் சராசரியாக 35 சதவீதமானோர் பயனடைந்தனர் என எழுதினார். இதையே மருத்துவ உலகம் ‘பிளசீபோ’ விளைவு என்கிறது. போலி மருந்தின் விளைவு என நாம் சொல்லலாம்.

அத்தொகை மிகையானது எனப் பின்வந்தோர் காட்டினர். தானாகத் தேறியோரும் அதில் எண்ணப்பட்டிருந்தனர். 2001 இல் கொப்பன்ஹேகன் ஆய்வாளர் இருவர், போலிச் சிகிச்சை பெற்றோரையும் எந்தச் சிகிச்சையும் பெறாதோரையும் ஒப்பிட்ட 114 ஆய்வுகளைத் திரட்டினர். கருவியால் அளக்கக்கூடிய நோய்களில் போலி மருந்தின் பயன் தென்படவில்லை. நோவு போன்று நோயாளி தாமே உணர்ந்து சொல்வனவற்றில் மாத்திரம் சிறிதளவு பயன் தென்பட்டது. எனவே போலி மருந்தின் எல்லை நோவும் அதுபோன்ற உணர்வுகளுமே.

அந்த எல்லைக்குள் நிகழ்வது வெறும் கற்பனையா? கோவூர் 1978 செப்ரெம்பர் 18 ஆம் திகதி கொழும்பில் காலமானார். அதே மாதத்தில் லண்டனின் ‘லான்செற்’ மருத்துவ இதழில் சான்பிரான்சிஸ்கோ ஆய்வாளர் மூவரின் கட்டுரை ஒன்று வெளிவந்தது. பல் பிடுங்கப்பட்டவர்களுக்குப் போலி மருந்து கொடுக்கப்பட்டபோது சிலருக்கு நோவு தணிந்தது. அபின் வகை மருந்துகளின் செயலைத் தடுக்கும் நலொக்சோன் என்ற மருந்தை ஏற்றியதும் அவர்களது நோவு மீண்டும் கூடியது. நம்பிக்கை கொண்ட மூளை தானே அபினை ஒத்த பொருளைச் சுரக்கின்றது என்ற முடிவுக்கு இது வழி திறந்தது. மாணவக் கோவூரின் கேள்விக்கு முதலாவது உடலியல் விடை அவர் மறைந்த மாதத்திலேயே அச்சேறியது. அதை அவர் காணவில்லை.

ஊசி முனையில் ஒரு சோதனை

கோவூரின் இறுதி ஆண்டுகளில் இலங்கையில் புதியதொரு சிகிச்சை பரவத் தொடங்கியது. கொழும்பு தெற்கு களுபோவில வைத்தியசாலையில் வைத்தியர் அன்ரன் ஜயசூரிய சீனத்து அக்குபங்சர் ஊசிச் சிகிச்சையை நடத்தினார். பல நாட்டவர் அங்கு பயில வந்தனர். இன்று நோர்வேயிலும் ஊசிச் சிகிச்சை பரவலாக உள்ளது. எம்மவரில் பலர் தோள்மூட்டு, கழுத்து, முதுகு நோவுகளுக்காக அதை நாடுகின்றனர்.

அந்நோவுகளுக்குக் காரணம் உண்டு. எழுபதுகள் தொடக்கம் நோர்வே வந்த எம்மவரில் பலர் வடக்கே பின்மார்க் மாகாண மீன் தொழிற்சாலைகளில் குளிரில் நின்று மீன் வெட்டினர். பின்னர் ஒஸ்லோ வந்து துப்புரவுப் பணியிலும் உணவகச் சமையலறைகளிலும் முதியோர் இல்லங்களிலும் உழைத்தனர். 1997 இல் சுரங்க இரயில் மோர்டென்ஸ்ருட்டை எட்டியபின், விடியலுக்கு முன்னரே நகர் நோக்கிச் செல்லும் வண்டியில் ஏறும் தொழிலாளருள் தமிழரும் உள்ளனர். உடல் உழைப்பின் கணக்கை முதுகு எழுதி வைக்கின்றது. போரின் கணக்கோ வேறு. ஆறிய காயம் பல ஆண்டுகளின் பின்பும் வலிப்பதை எம்மில் பலர் அறிவர்.

ஊசி இந்நோவைத் தணிக்குமா? மாத்திரையில் போலி செய்வது எளிது, ஊசியில் கடினம். 1998 இல் ஜேர்மனிய ஆய்வாளர் ஒருவர், தோலில் பட்டவுடன் கைப்பிடிக்குள் பின்வாங்கும் போலி ஊசி ஒன்றைப் பற்றி எழுதினார். உள்ளே குத்தியதாகவே நோயாளி உணர்வார். 2007 இல் ஜேர்மனியில் நீடித்த முதுகு நோவுள்ள 1,162 பேரைக் கொண்டு நடந்த பேராய்வின் முடிவு வெளிவந்தது. அதில் வேறொரு முறை கையாளப்பட்டது. ஒரு பிரிவினருக்குச் சீன முறைப்படியான புள்ளிகளில் ஊசி ஏற்றப்பட்டது. இன்னொரு பிரிவினருக்குப் புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டது. மூன்றாம் பிரிவினர் வழமையான மருந்தும் உடற்பயிற்சியும் பெற்றனர். ஆறு மாதத்தின் பின் பயனடைந்தோர் முதற்பிரிவில் 47.6 சதவீதம், இரண்டாவதில் 44.2 சதவீதம், மூன்றாவதில் 27.4 சதவீதம்.

இந்த மூன்று எண்களையும் சேர்த்தே வாசிக்கவேண்டும். முதலிரண்டுக்கும் இடையிலான வேறுபாடு மிகச் சிறிது. ஆகவே அந்த நோவில் புள்ளிகளின் இரகசியத்துக்கு இவ்வாய்வு வலிமை சேர்க்கவில்லை. ஆனால் ஊசி பெற்ற இரு பிரிவினரும் மூன்றாம் பிரிவினரை விட நன்கு தேறினர். குத்திய இடம் எதுவாயினும், நேரம் ஒதுக்கிப் பத்துத் தடவைகள் ஒருவர் அருகிருந்து கவனித்தது எதையோ செய்தது.

அந்த எதையோ அமெரிக்காவின் ஹாவர்ட் ஆய்வாளர் ரெட் கப்சுக்கும் குழுவினரும் 2008 இல் பிரித்துப் பார்த்தனர். குடல் எரிச்சல் நோயுள்ள 262 பேர் மூன்று பிரிவாக்கப்பட்டனர். காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்பட்டவர்களில் 28 சதவீதமானோர் போதிய நிவாரணம் பெற்றதாகக் கூறினர். பேச்சு அதிகமின்றிப் போலி ஊசி மட்டும் பெற்றோரில் அது 44 சதவீதம். அதே போலி ஊசியுடன், பொறுமையாகக் கேட்டுப் பரிவுடன் பேசிய வைத்தியரையும் பெற்றோரில் 62 சதவீதம். பேய் பிடித்த வீடுகளில் கோவூர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே அமர்ந்து கேட்டதன் மதிப்பு இவ்வெண்களில் தெரிகின்றது. அவர் பேயை விரட்டியது தர்க்கத்தினால் மட்டுமன்று, செவியினாலும்தான்.

பொய் வேண்டுமா?

இங்கு ஒழுக்கம் சார்ந்த கேள்வி எழுகின்றது. குழாய் நீரைக் கங்கை நீரென்று கொடுத்தது, நல்ல மனத்துடன் செய்யப்பட்டாலும், பொய். போலி மருந்து பயன் தருவது பொய்யினால்தான் என்றால், வைத்தியர் பொய்யர் ஆகவேண்டும். அல்லது நோயாளி தேறாதிருக்கவேண்டும். கோவூரின் வாழ்வு முழுவதும் பொய்க்கு எதிரானது; ஆனால் அவருடைய முதற் சோதனையோ பொய்யில் நின்றது. இம்முரண் நீண்ட காலம் விடையின்றி இருந்தது.

2010 இல் கப்சுக் குழுவினர் அதே குடல் நோயுள்ள 80 பேரில் ஒரு பாதியினருக்கு மாத்திரை கொடுத்தனர். அதில் மருந்து எதுவும் இல்லை என்பதை முன்கூட்டியே அவர்களுக்கு விளக்கினர். போத்தலிலும் அவ்வாறே எழுதியிருந்தது. மறு பாதியினர் மாத்திரையின்றி அதே கவனிப்பைப் பெற்றனர். மூன்று கிழமைகளின் பின் போதிய நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னோர் மாத்திரை பெற்றோரில் 59 சதவீதம், பெறாதோரில் 35 சதவீதம். ஆய்வு சிறியது; நோயும் ஒன்றே. ஆயினும் உண்மையைச் சொல்லியும் ஆறுதல் தரலாம் என்ற வாய்ப்பை அது திறந்தது. புகையிரத நிலையக் குழாயில் பிடித்தேன் எனச் சொல்லியே அந்நீரைக் கொடுத்திருக்கலாம் போலும்.

எல்லைக் கோட்டையும் மறக்கலாகாது. 2011 இல் ஆஸ்துமா நோயாளரிடையே ஓர் ஆய்வு வெளியானது. உண்மையான மருந்தை உள்ளிழுத்தோரும், போலி மருந்தை உள்ளிழுத்தோரும், போலி ஊசி பெற்றோரும் தமக்கு ஏறத்தாழ ஒரே அளவில் சுகம் எனக் கூறினர். ஆனால் அவர்களது மூச்சைக் கருவியால் அளந்தபோது, உண்மையான மருந்து பெற்றோரின் நுரையீரல் ஆற்றல் 20 சதவீதம் கூடியிருந்தது. மற்றவர்களுக்கு ஏறத்தாழ 7 சதவீதமே. அது எந்தச் சிகிச்சையும் பெறாதோரின் அளவுதான். சுகம் என்று உணர்ந்தபடியே ஒருவர் மூச்சுத் திணறி இறக்கவும் கூடும் என்பதே இதன் பொருள்.

எமக்கு இதனால் என்ன?

அகதி விண்ணப்பம் செய்த ஒருவருக்கு வாழ்வின் மிக முக்கியமான நாள் விசாரணை நாள். அங்கு அவரது சொல் நம்பத்தக்கதா என்று எடை போடப்படுகின்றது. தழும்பைக் காட்டவேண்டும், திகதியைச் சொல்லவேண்டும், முன்னுக்குப் பின் முரணாகப் பேசலாகாது. அத்தகைய ஒருவரிடம் வைத்தியர், படத்தில் ஒன்றும் தெரியவில்லை, நோவு மனம் சார்ந்ததாக இருக்கலாம் எனக் கூறும்போது, அவர் காதில் விழுவது நீ பொய் சொல்கிறாய் என்பதே. அதனால் அவர் மௌனமாக எழுந்து செல்கிறார். அந்த மௌனத்தை வாங்குவதற்கு ஆட்கள் காத்திருக்கின்றனர். தொலைபேசியில் பரிகாரம் கூறுவோரும், செய்வினை எடுப்போரும், எல்லா நோய்க்கும் ஒரே ஊசி எனச் சொல்வோரும் அவரை நம்புகின்றனர். குறைந்தபட்சம் நம்புவதுபோல் காட்டுகின்றனர். அவர் கொடுக்கும் பணம் பெரும்பாலும் அந்த நம்புதலுக்கான விலையே.

கோவூரின் கேள்வியில் தொடங்கி இன்றைய ஆய்வுகள் வரை நீளும் வரலாறு இவருக்குச் சொல்வது ஒன்று: மனம் சார்ந்த நோவு பொய்யான நோவு அன்று. ஊருக்குத் திரும்பும் நம்பிக்கை படைவீரனின் நோவைத் தணிக்குமானால், முடிவு தெரியாத காத்திருப்பு ஆறிய காயத்தையும் வலிக்கச் செய்யலாம். இரண்டிலும் வேலை செய்வது அதே மூளையும் அதே நரம்புமே. எனவே நோவை மறைக்கவோ மிகைப்படுத்தவோ தேவையில்லை. படத்தில் தெரியாததும் வைத்தியரிடம் முறையிடத்தக்கதே.

அதே வரலாறு சொல்வது இன்னொன்றும் உண்டு: நோவு தணிவது வேறு, நோய் நீங்குவது வேறு. முதுகு நோவுக்கு ஊசி ஏற்றிச் சுகம் காண்பவரைத் தடுக்க நாம் யார்? கோயிலில் திருநீறு பூசி மன அமைதி பெறுபவரை ஏளனம் செய்வதும் எமது நோக்கமன்று. ஆனால் அந்தச் சுகத்தை நம்பி நீரிழிவு மாத்திரையையோ ஆஸ்துமா மருந்தையோ காசநோய்ச் சிகிச்சையையோ நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. அவற்றை நிறுத்தச் சொல்பவர் எவராயினும் அவரிடமிருந்து விலகுவதே அறிவுடைமை.

நோர்வேச் சட்டமும் இவ்வாறே கோடு கிழிக்கின்றது. 1936 இல் இயற்றப்பட்ட போலி வைத்தியர் தடைச் சட்டத்துக்குப் பதிலாக, 2004 ஜனவரி 1 முதல் மாற்றுச் சிகிச்சை பற்றிய புதிய சட்டம் நடைமுறையில் உள்ளது. மாற்றுச் சிகிச்சையை அது பொதுவில் அனுமதிக்கின்றது. ஆனால் கடுமையான நோய்களுக்கான சிகிச்சை அடிப்படையில் சுகாதாரப் பணியாளருக்கே உரியது என வரையறுக்கின்றது. விளம்பரத்தில் சிகிச்சையின் தன்மையை விவரிக்கலாமேயன்றிக் குணமாகும் என வாக்குறுதி அளிக்கலாகாது. எல்லா நோயும் தீரும் என்ற துண்டுப் பிரசுரம் கையில் வந்தால், அதுவே ஓர் எச்சரிக்கை எனக் கொள்க.

மொழி பற்றியும் ஒரு சொல். கேட்கும் செவியே பாதி மருந்து என மேற்கண்ட எண்கள் காட்டின. தமிழில் நோவைச் சொல்ல எமக்குக் குத்து, உளைவு, கடுப்பு, எரிவு, விறைப்பு எனப் பல சொற்கள் உள்ளன; அரைகுறை நோர்வேஜிய மொழியில் அவை யாவும் ஒரே சொல்லாகச் சுருங்கிவிடும். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டம், தகுதியான மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும் கடமையைப் பொது நிறுவனங்கள் மீது சுமத்துகின்றது. பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதையும் தடுக்கின்றது. தாயின் நோவைப் பத்து வயது மகள் வைத்தியருக்கு எடுத்துச் சொல்லும் நிலை இனி வேண்டியதில்லை. முன்பதிவு செய்யும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேட்கலாம். ஊசிச் சிகிச்சையோ நாட்டு மருந்தோ எடுப்பவர் அதையும் ஒளிக்காமல் சொல்லலாம்.

கோவூர் தமது எண்பதாவது வயதில் மறைந்தபோது சடங்கு எதுவும் வேண்டாமெனக் கூறியிருந்தார். கண்களைப் பிறருக்கும், உடலை மருத்துவ மாணவருக்கும், எலும்புக்கூட்டைத் தாம் கற்பித்த தேர்ஸ்ரன் கல்லூரியின் ஆய்வுகூடத்துக்கும் எழுதி வைத்திருந்தார். உயிருடன் இருந்தபோது மனிதரின் அச்சத்தைத் திறந்து பார்த்தவர், இறந்த பின் தமது உடலையும் திறந்து பார்க்கக் கொடுத்தார். அவருடைய கடுமையை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவரின் வேதனையை முழுவதுமாகக் கேட்பதும், அதன்பின் அவரிடம் உண்மையையே சொல்வதும் அவரிடமிருந்து நாம் கற்கத்தக்கவை. இவ்விரண்டையும் எமது வைத்தியரிடம் எதிர்பார்க்கும் உரிமை எமக்குண்டு. நோவுடன் எமது வாசலுக்கு வரும் அயலவரிடம் இவற்றைக் காட்டும் கடமையும் எமக்குண்டு.